நகல் இயந்திரத்தை யார் வைத்துக்கொள்வது?

அலுவலகத்தில் அவளுக்குப் 'பதினாலு' என்று பெயர். வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களுக்குத் தேர்வுத்தாள் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனம் அது. தர்க்கத் தாளில் பதினான்காவது வினா எப்போதும் ஒரே வகை. யாரோ ஒருவர் ஒரு வாதத்தை வைப்பார். கீழே நான்கு கொள்கைகள் இருக்கும். அவற்றில் அந்த வாதத்தை எது நன்றாகத் தாங்கிப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பதினோரு வருடமாக அந்த ஒரு வினாவை எழுதிவருபவள் அவள்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தேர்வு எழுதுபவர்களில் பாதிப் பேர், படிக்க நன்றாக இருக்கும் கொள்கைக்கு டிக் அடித்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். கொள்கை நல்லதா கெட்டதா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. இந்த ஆள் சொல்லும் முடிவுக்கு அது முட்டுக்கொடுக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. திருடியது சரி என்று ஒரு திருடன் வாதாடினால், திருட்டுக்கு முட்டுக்கொடுப்பது எதுவோ அதுவே விடை. ஒவ்வொரு தேர்வு முடிந்து புள்ளிவிவரம் வரும்போதும், நல்ல மனசுக்காரர்கள் எத்தனை பேர் மாட்டினார்கள் என்றுதான் அவள் முதலில் பார்ப்பாள். அவர்கள் அவளை ஏமாற்றியதே இல்லை.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். அப்பா 'வக்கீலம்மா' என்பார். அவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் யாராவது கேட்டால் கால்பந்து நடுவர் என்றுதான் சொல்வார். முப்பது வருடம் ஞாயிறுதோறும் விசில் ஊதியவர். அந்த விசில் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. ஊதுவார், கையை ஒரு பக்கம் நீட்டுவார், அதோடு முடிந்தது. "காரணம் சொல்ல ஆரம்பிச்ச நடுவர் முழுசா வீடு திரும்ப மாட்டான்" என்பார். காப்பியில் சர்க்கரை கூடினால் ஒரு விசில். குளியலறைக் கதவை யாராவது திறந்துபோட்டால் ஒரு விசில். தொலைக்காட்சியில் ஆட்டம் என்றால், அங்கே இருக்கும் நடுவரோடு இவர் போடும் சண்டை தெருமுனைக் கடைவரை கேட்கும்.

நான்கு வருடமாக அவர் இவள் வீட்டில் இருக்கிறார், பின்பக்க அறையில். அந்த அறைக்கு ஜன்னல் உண்டு, கதவு உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டு. அவர் வருவதற்கு முன்னால் அவள் மேசை அங்கேதான் கிடந்தது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது, சாப்பாட்டு மேசையில் ஈரத் துணியால் துடைத்த இடம் காய்வதற்காகக் காத்திருந்து வினா எழுதுகிறாள்.

அவளுக்கு அந்த அறை வேண்டும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் 'எனக்கு அறை வேண்டும்' என்பது வாதம் அல்லவே, வெறும் ஆசை. அப்பாவைத் தம்பி கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்வதானால், அதற்கு அடியில் ஒரு கொள்கை இருந்தாக வேண்டும். தம்பியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை ஆகியும் கொள்கை கிடைக்கவில்லை. பதினான்காவது வினாவும் எழுதி முடியவில்லை.

இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். வீட்டு வழக்கையே வினாவாக்கினால், விவரம் தெரிந்த இரண்டு பேர் ஓசியில் அதைச் சோதித்துக் கொடுப்பார்கள். ஒரே ஒரு சிக்கல்: வினாவில் பெயரோ குடும்பச் சண்டையோ வரக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. தேர்வு எழுதும் இடத்தில் யாருக்காவது கண் கலங்கிவிட்டால் நேரம் வீணாகுமாம். ஆகவே அப்பாவை நகல் எடுக்கும் இயந்திரமாக மாற்றினாள். எழுதி முடித்தபோது இப்படி வந்தது:

*ஓர் அலுவலகத்துக்கு இரண்டு கிளைகள். சத்தம் அதிகமாகப் போடும் பழைய நகல் இயந்திரம் ஒன்றைக் கிழக்குக் கிளை நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறது. மேற்குக் கிளை மூன்றாம் மாடியில் இருக்கிறது, இடமும் குறைவு. இருந்தாலும் இயந்திரம் இனி மேற்குக் கிளைக்குத்தான் போக வேண்டும் என்கிறார் கிழக்குக் கிளை மேலாளர். அவர் முடிவைத் தாங்கும் கொள்கை எது?*

*(அ) இயந்திரம் தனக்கு எங்கே வேலை இருக்கிறதோ அங்கே இருக்க வேண்டும்.*

*(ஆ) பொதுவான பொறுப்பை வசதி இருப்பவரே ஏற்க வேண்டும்.*

*(இ) பொதுவான பொறுப்பை, யாருக்கு வசதி எப்படி இருந்தாலும், முறை வைத்து ஏற்க வேண்டும்.*

*(ஈ) நீண்ட காலம் உழைத்த இயந்திரத்தை மரியாதையாக நடத்த வேண்டும்.*

விடை (இ). படித்துப் பார்த்தாள். வரும் ஞாயிறு தம்பி தலையாட்டுவது கண்ணெதிரே தெரிந்தது.

நிறுவனத்தில் 'கண்கட்டு' என்று ஒரு நடைமுறை உண்டு. வினா எழுதியவர் விடையை ஓர் உறையில் போட்டு ஒட்டி மேசை நடுவில் வைத்துவிடுவார். வேறு இரண்டு பேர் அதைப் பார்க்காமல் விடை போடுவார்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் வினா தேறும். இல்லையென்றால் குப்பைக்கூடை. வியாழக்கிழமை எதிரே உட்கார்ந்தவர்களில் ஒருவர் கணிதத் தாள் தயாரிப்பவர். எல்லோருக்கும் அவர் 'கணக்கு'. இன்னொருவர் நீதிமன்றத்தில் இருபது வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்துவிட்டு வந்தவர். அந்த அம்மாள் ஒரு வார்த்தையைக் கேட்டால் அது எங்கேயோ பதிவாகிவிட்டது என்று அர்த்தம்.

"பதினாலு, இந்த மெஷினுக்கு எத்தனை வயசு?" என்றார் கணக்கு.

"அது கேள்விக்குத் தேவையில்ல."

"இல்ல, இவ்வளவு தொல்லை பண்ணுதுன்னா பேசாம பழைய சாமான் கடையில போட்டுடலாமே. ரெண்டு கிளையும் நிம்மதியா இருக்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது. "போட முடியாது."

"ஏன்?"

"முடியாதுன்னா முடியாது. அது… நிறுவனத்தோட முதல் மெஷின்."

"கேள்வியில அப்படி இல்லையே. சத்தம் போடுதுன்னுதான் இருக்கு. எண்ணெய் விட்டுப் பாத்தாங்களா?"

"நீங்க விடையைப் போடுங்க சார்."

கணக்கு போட்டார். போட்டுக்கொண்டே, "இந்த 'ஈ' யாருக்கு வச்ச பொறின்னு தெரியுது. நல்ல மனசுக்காரங்க கூட்டமா வந்து விழுவாங்க. 'அ' எதுக்கு? மெஷினுக்கு எங்க வேலையிருக்குன்னு மெஷினா சொல்லும்?" என்றார்.

"ஒரு இடம் காலியா இருந்துச்சு. போட்டேன்."

அதுவரை வாய் திறக்காத சுருக்கெழுத்தம்மாள் பேனா மூடியைத் திருகி மூடினார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி மெஷின் எங்க இருந்துச்சு?"

"அதுவும் தேவையில்ல."

"முறைன்னு சொல்லிட்டா, முன்னாடி யார் முறைன்னு வேணும்ல? கோர்ட்டுல முதல் கேள்வியே அதான்."

"இது கோர்ட்டு இல்லம்மா. என்ன குடுத்திருக்கோ அதை வச்சுத்தான் விடை."

"சரி, குடுத்ததை வச்சுப் போட்டுட்டேன்" என்று தாளை நீட்டினார் அந்த அம்மாள். உறையைக் கிழித்தார்கள். இ, இ, இ. வினா தேறியது. ஆனால் அந்த அம்மாள் தன் பிரதியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் கோப்பை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவன் கைபட்டு ஓடுகிறது. அவன் குடியிருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. அவன் மனைவி ஒரு மருந்துக்கடையில் சீட்டுகளைச் சரிபார்க்கிறவள். மருத்துவர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியதால் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பதினாலின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். குடும்பத்தில் யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அப்பா பின்பக்க அறையில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். "டேய், அது கையில பட்டுச்சுடா, குருட்டுப் பயலே!" என்று அங்கிருந்து குரல் வந்தது.

பிஸ்கெட் தட்டு ஒரு சுற்று வந்ததும் அவள் தொடங்கினாள். வாரம் முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்த வாதம். நிதானமாக, படிப்படியாக, ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

"நான் சுத்தி வளைக்கல. நாலு வருஷமா மெஷினை நாங்க வச்சிருக்கோம்…"

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன மெஷின்? ஏதாச்சும் ரிப்பேரா? சொல்லியிருந்தா டூல்ஸ் எடுத்துட்டு வந்திருப்பேனேக்கா."

காதுமடல் வரை சூடேறியது அவளுக்கு. "அப்பாவை. அப்பாவை நாலு வருஷமா நாங்க வச்சிருக்கோம்."

"அதுவும் சரிதான்" என்றார் கணவர்.

அவள் சுதாரித்துக்கொண்டாள். பொதுவான பொறுப்பு, முறை வைத்து ஏற்க வேண்டும், யாருக்கு வசதி எப்படி என்ற பேச்சே எழக்கூடாது. மூன்றாம் மாடி, சின்ன வீடு என்று தம்பி இழுப்பான் என்று எதிர்பார்த்து, அதற்கான பதிலையும் நுனிநாக்கில் வைத்திருந்தாள். தம்பி இழுக்கவில்லை. பிஸ்கெட்டைக் காப்பியில் நனைத்துக்கொண்டே, "நியாயமாத்தான் படுது" என்றான்.

"எது?"

"முறை வைக்கிறது. நான் ஒத்துக்கிறேன்க்கா."

மனசுக்குள் அவள் அந்த அறையில் மேசையைப் போட்டுவிட்டாள், ஜன்னல் பக்கமாக. விளக்கை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவியின் குரல் வந்தது.

"அப்போ கணக்கு பாத்துடலாமாக்கா? மாமா ரிட்டயர் ஆனதுலயிருந்து எங்ககூட ஆறு வருஷம். இங்க நாலு. உங்க முறை முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"அது வேற" என்றாள் அவள்.

"எப்படி வேற?"

"அப்ப அம்மா இருந்தாங்க. சமைச்சுப் போட்டாங்க, உங்க ரெட்டைப் பிள்ளைங்களை வளர்த்து விட்டாங்க. அது உங்களுக்கு ஒத்தாசை. அதை எப்படி முறையில சேர்க்கிறது?"

"சரி, அம்மாவை விட்டுடுவோம்" என்றான் தம்பி. "அப்பா அப்பவும் இதே விசில்தானேக்கா? பிள்ளைங்க தொட்டில்ல தூங்கும்போது ஊதுவாரு. அந்த ஆறு வருஷம் ஒத்தாசை, இந்த நாலு வருஷம் சுமையா?"

சுமை என்ற சொல்லை அவள் எங்கேயும் எழுதவில்லை. பொறுப்பு என்றுதான் எழுதியிருந்தாள். ஆனால் அந்தச் சொல் இப்போது பிஸ்கெட் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சுருக்கெழுத்தம்மாளின் கேள்விக்குறி ஞாபகத்துக்கு வந்தது. பதினோரு வருடமாகப் பிறர் வாதத்தில் ஓட்டை தேடுகிறவளுக்கு, ஆறு வருடம் அகலமுள்ள ஓட்டை தன் வாதத்தில் இருந்தது தெரியாமல் போய்விட்டது. கொள்கை உறுதியாகத்தான் நின்றது. ஆனால் அது இப்போது தம்பிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

பின்பக்க அறையில் தொலைக்காட்சிச் சத்தம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா வாசற்படியில் நின்றார், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு.

"இடைவேளை" என்றார். பிறகு, "எந்த மெஷினைப் பத்திப் பேச்சு?"

கணவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆறுக்கு நாலு. இன்னும் ரெண்டு பாக்கி. காதுல விழுந்துச்சு" என்றார் அப்பா. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். வீட்டுக்குள் அவர் வழக்கமாக எழுப்பும் சின்னச் சத்தம் இல்லை இது, மைதானத்தில் ஊதும் ஊதல். பிஸ்கெட் கையிலிருந்து நழுவித் தம்பியின் காப்பிக்குள் விழுந்தது. அப்பாவின் கை தம்பி பக்கமாக நீண்டது.

"நான் இவன்கூடப் போறேன். வர்ற சனிக்கிழமை."

அவள் வாரம் முழுக்கக் கேட்கத் தவித்த முடிவு இதுதான். வரி மாறாமல் இதேதான். ஆனால் முதலில் எழுந்து நின்றது அவள்.

"மூணு மாடிப்பா! உங்க முட்டியை வச்சுக்கிட்டு எப்படி ஏறுவீங்க?"

"ஏறுறது ஒரு தடவைதானே."

"அங்க இடம் எங்க இருக்கு? பிள்ளைங்களோட படுப்பீங்களா? இங்க தனி ரூம் இருக்கு, பக்கத்துலயே டாக்டர் இருக்காரு. யாருக்கு வசதி இருக்கோ அவங்கதானே வச்சுக்கணும்!"

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. அது (ஆ). அவளே எழுதியது. தவறான விடை.

"அதுவும் சரிதான்" என்றார் கணவர்.

"எங்க வீட்டுல என்னப்பா குறை?" என்றாள். வாதத்தில் தோற்பவர்கள் கடைசியாகக் கேட்பது அதைத்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். "காரணத்தையாவது சொல்லுங்க."

"ஊதியாச்சு, வக்கீலம்மா" என்றார் அப்பா. இரண்டாம் பாதி தொடங்கிவிட்டதென்று உள்ளே போனார்.

திங்கட்கிழமை அவள் சுருக்கெழுத்தம்மாளின் மேசைக்குப் போய் நின்றாள்.

"முன்னாடி மெஷின் மேற்குக் கிளையிலதான் இருந்துச்சு. ஆறு வருஷம்."

அந்த அம்மாள் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "அப்போ மேலாளர் சொன்னது நிக்காதே."

"நிக்காது. கேள்வியை எடுத்துடறேன்."

"அடப்பாவமே" என்று பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார் கணக்கு. "இப்ப மெஷின் எந்தக் கிளையில இருக்கு?"

"மேற்குக்குப் போறேன்னு சொல்லிடுச்சு."

"மெஷினா?"

"ஆமா சார். மெஷின்தான்."

அந்த வாரம் முழுவதும், சாப்பாட்டு மேசையில் ஈரம் காய்வதற்குக் காத்திருந்த நேரமெல்லாம், அப்பாவின் தீர்ப்புக்கு அடியில் என்ன கொள்கை இருக்கும் என்று எழுதி எழுதிப் பார்த்தாள். மகள்மேல் கோபமா? மகன்மேல் பாசமா? பேரப்பிள்ளைகளா? தன்னைச் சுமை என்று யாரும் சொல்வதற்குள் கிளம்பிவிடுவதா? கடைசியாக எழுதியதை உடனே அடித்தாள். எதுவும் பொருந்தவில்லை; அல்லது எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பொருந்தின. அவள் தொழிலில் அதைவிட மோசமான நிலை கிடையாது.

சனிக்கிழமை மாலை அப்பாவை ஏற்றினார்கள். தம்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். மாடிப்படி திரும்பும் இடந்தோறும் அதைப் போட்டான். அப்பா உட்கார்ந்தார், மூச்சு வாங்கினார், எழுந்தார். "லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு வர்ற லட்சணத்தைப் பாரு" என்றார் இரண்டாவது மாடியில். அவள் பின்னால் பெட்டியையும், மாத்திரை நேரம் எழுதிய அட்டையையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் தன் படுக்கை எங்கே என்று கேட்கவில்லை. நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு நேராக பால்கனிக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள். எத்தனையோ தடவை இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். பால்கனியில் நின்று கீழே பார்த்ததில்லை. துணி காயப்போடும் இடம் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

கீழே ஒரு மைதானம். வேலை முடிந்து வந்த ஆட்கள், சிலர் தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல், கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு செங்கல் ஒரு கோல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் நின்று வாய்ச்சண்டை தொடங்கியது. கோலா இல்லையா, கையா தோளா என்று இருபது பேரும் கத்தினார்கள். நடுவில் யாரும் இல்லை.

"ஆறு வருஷமும் இப்படித்தான் இருந்துச்சாப்பா?"

அவர் கண் பந்தின் மேல் இருந்தது.

"இதுக்குத்தான் வந்தீங்களா?"

"இருட்டறதுக்குள்ள கிளம்பு" என்றார். "பஸ் போயிடும்."

மாத்திரை அட்டையைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டு, தம்பி மனைவியிடம் எந்த மாத்திரை எப்போது என்று சொன்னாள். அவள் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தாள். படியிறங்கி மைதானத்து ஓரமாக நடந்தபோது, பின்பக்க அறை, மேசை, ஜன்னல், தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாம் கிடைத்துவிட்டது. அதற்கு அவள் வாதம் ஒரு துரும்புகூட உதவவில்லை.

அப்போது மேலேயிருந்து விசில் வந்தது.

மைதானம் அப்படியே நின்றது. இருபது பேரும் கழுத்தை நிமிர்த்தி மூன்றாம் மாடியைப் பார்த்தார்கள். பந்து தானாக உருண்டு வேலியில் முட்டியது.

"யாரு சார் அது? எதுக்கு ஊதினீங்க?" என்று ஒருவன் கத்தினான்.

கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு இன்னொருவன் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்து தரையில் வைத்தான். யாரும் சண்டை போடவில்லை.

தானும் நின்றுவிட்டிருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக. நிமிர்ந்து பார்த்தாள். காயும் துணிகளுக்கு நடுவே அப்பாவின் கை பேருந்து நிறுத்தத்தின் பக்கமாக விறைப்பாக நீண்டிருந்தது. பந்தை அந்தப் பக்கம் அடிக்கச் சொல்கிறாரா, அவளைப் போகச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. கேட்டாலும் சொல்லப்போவதில்லை.

கை காட்டிய பக்கம் அவள் நடந்தாள்.